தொழில்நுட்பக் கோளாறு

எனக்கு வீடு சூரமங்கலத்தில். ராத்திரியில் சேலம் ஜங்ஷன் அறிவிப்பு படுக்கைவரை கேட்கும். ரயில் பத்து நிமிஷம் தாமதமானாலும் ஐந்து மணி நேரம் தாமதமானாலும் அந்தக் குரல் ஒரே அளவுதான் வருந்தும். அதை வைத்துத்தான் 2018-இல் ஒரு குறும்படம் எடுத்தேன்.

சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்குக் கல் நட்ட வருஷம் அது. 277 கிலோமீட்டர், பத்தாயிரம் கோடி ரூபாய். தென்னந்தோப்பையும் கிணற்றையும் விழுங்கப்போகிற ரோட்டுக்கு 'பசுமைவழிச் சாலை' என்று பேர். நான் புதிதாக நையாண்டி செய்ய ஒன்றுமில்லை. கோப்புத் தமிழை ரயில் அறிவிப்புக் குரலில் ஒரு பெண்ணை வாசிக்கவைத்தேன். திரையில் ஒரு கல் மண்ணில் இறங்கும். ஏழு நிமிஷம். 1968-இல் பிலிம்ஸ் டிவிஷனுக்காகப் பிரமோத் பதி எடுத்த 'எக்ஸ்ப்ளோரர்' மாதிரி காட்சிகளை வெட்டி வெட்டி ஒட்டினேன். அவரோடு என்னை ஒப்பிட்டுக்கொண்டதையும் குற்றக்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அறிவிப்புக் குரலைத் தவிரப் படத்தில் பேசுகிறவர் ஒரே ஒருவர்தான். தோட்டம் பறிபோகப்போகிற ஓர் ஆயா. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னார்: "என் மூஞ்சி வராமப் பாத்துக்க கண்ணு. எம்பையன் இந்தக் கல்லு நடறவங்க ஆபீசுலதான் வண்டி ஓட்டறான்." சரி ஆயா என்றேன். கையைப் பிடித்துச் சொன்னேன்.

எடிட்டிங்கில் முகத்தை மங்கலாக்கினேன். நன்றாக இல்லை. பேச்சின் நடுவே அவர் கல்லைத் திரும்பிப் பார்த்து, ஈறு தெரியச் சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் படம். திரையிடலுக்கு முந்தின ராத்திரி இரண்டு மணிக்கு மங்கலை எடுத்துவிட்டேன். மறந்துபோய் எடுக்கவில்லை. தெரிந்துதான் எடுத்தேன். 'கலைத் தேவை' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நில எடுப்பு அறிவிக்கையில் 'பொது நோக்கம்' என்று எழுதியவனும் இப்படித்தான் ராத்திரி தூங்கியிருப்பான்.

நாற்பது பேர் பார்த்தார்கள். கை தட்டினார்கள். யாரோ செல்போனில் எடுத்த துண்டு மூன்றாம் நாள் அந்த ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தது. பையனிடம் யாரும் கோபப்படவில்லை. "இப்போதைக்கு வண்டி தேவைப்படலை, கூப்பிடறோம்" என்றார்களாம். கூப்பிடவே இல்லை. அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். வண்டிக்குத் தவணை பாக்கி இருந்தது. வண்டியும் போனது.

2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தபோது ஊரில் பட்டாசு வெடித்தார்கள். நான் போகவில்லை. பயம்.

அதற்கு முன்பே ஆயா ஒருமுறை போன் செய்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "எப்படிக் கண்ணு மூஞ்சி வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். உண்மையைச் சொல்ல ஒரு மூச்சு நேரம் இருந்தது. பின்னால் ஸ்டேஷன் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"தொழில்நுட்பக் கோளாறு ஆயா" என்றேன்.

"மிசினுன்னா அப்படித்தான்" என்றார். "நீ மனசுல வெச்சுக்காத சாமி."