பருத்தி தந்த படிப்பறை

லிவர்பூல் நகரில், வில்லியம் பிரவுன் தெருவிலுள்ள மத்திய நூலகத்தின் படிகளில் நாம் ஏறியது ஒரு மழை நாளில். யாரென்று கேட்பாரில்லை; கட்டணமும் இல்லை. புதிய கூடத்தைக் கடந்து பிக்டன் படிப்பறைக்குள் நுழைந்ததும் நம் பேச்சு தானாகவே அடங்கிற்று. ஏறத்தாழ 100 அடி விட்டமுள்ள வட்ட அறை. மேலே கவிந்த மாடம். சுவரைச் சுற்றிலும் அடுக்கடுக்காக நூல்கள். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் படிப்பறையை முன்மாதிரியாகக் கொண்டு, கட்டடக் கலைஞர் கொர்னீலியஸ் ஷெர்லாக் வடிவமைத்த இவ்வறை 1879இல் திறக்கப்பட்டது. பிரிட்டனில் மின்விளக்கு பெற்ற முதல் நூலகம் இதுவே என்பர். பகலெல்லாம் உழைத்தவன் இரவில் படிக்க ஒளி வேண்டுமல்லவா?

இதனை அடுத்துள்ள மூத்த கட்டடம், நூலகமும் அருங்காட்சியகமுமாக 1860இல் திறக்கப்பட்டது. அதன் செலவை ஏற்றவர் வில்லியம் பிரவுன் என்னும் வணிகர். நன்றியுணர்வோடு நகரம் தெருவுக்கே அவர் பெயரைச் சூட்டியது.

நம் மனம் இங்கேதான் இடறிற்று. பிரவுனின் செல்வத்தில் பெரும்பங்கு அமெரிக்கப் பருத்தி வணிகத்தால் வந்தது. அப்பருத்தியை விளைவித்தவர்களுள் பெரும்பாலோர் தென் மாநிலங்களின் கறுப்பின அடிமைகள். நூலகம் திறந்து ஐந்தாண்டு கழித்தே, 1865இல், அங்கே அடிமை முறை ஒழிந்தது. அதுவரை அம்மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்தறிவிப்பது சட்டப்படி குற்றம். படிக்கக்கூடாதென்று தடுக்கப்பட்டவர்களின் உழைப்பு, கடல் கடந்து வந்து பிறர் படிக்க ஒரு மாளிகையாயிற்று.

ஈகையின் சிறப்பை ஆண்டுதோறும் வகுப்பில் விரித்துரைப்பவர்கள் நாம். பொருள் வந்த வழியையும் கேட்கச் சொல்லும் அறநூல்களையும் அதே வகுப்பில்தான் நடத்துகிறோம். ஆயினும் இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்த்ததில்லை என்பதை அவ்வறையில் உணர்ந்தோம்.

அதனால் இந்நூலகத்தை வெறுத்துவிட முடியுமா? 1941 மே மாதத்து ஜெர்மானியக் குண்டுவீச்சில் பிரவுன் கட்டடம் தீப்பற்றியது. எண்ணற்ற நூல்கள் சாம்பலாயின. பிக்டன் அறை தப்பியது. நகரத்தார் கைவிட்டுவிடவில்லை, பழைய முகப்பைக் காத்து, அதன் பின்னே எழுப்பிய புதிய நூலகத்தை 2013இல் திறந்தனர். அன்று நம் எதிரே முதியவர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த இருக்கை தேவை. நமக்கும் தேவைப்பட்டது; ஒரு மணி நேரம் அமர்ந்து படித்துவிட்டே எழுந்தோம்.

வெளியே வந்தபோது தெருப்பலகையில் கொடையாளரின் பெயர் நனைந்துகொண்டிருந்தது. தம் பெயரை எழுதப் பழகவும் தடுக்கப்பட்டவர்களின் பெயர்களை எந்தத் தெருவில் தேடுவது?