மூட்டை இருக்கிற இடம்

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி இருக்கும். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையைத் தூக்கிக்கொண்டு கத்தினார். மோதிரம் போய்விட்டது. முக்கால் பவுன், கல்யாண மோதிரம். நான் அவர் நின்ற இடத்துக்கே ஓடி, மூச்சைப் பிடித்து முங்கி, இரண்டு கையாலும் மணலை அள்ள ஆரம்பித்தேன். இருபது நிமிஷம் அள்ளியதில் கிடைத்தது மூன்று சிப்பி, ஒரு ஷாம்பு பாக்கெட், ஒரு பல்செட்.

சித்தப்பா காலைக்கூட நனைக்கவில்லை. கரையில் நின்றபடியே அந்த ஆளிடம் கேட்டார். "உங்க மூட்டை எங்க இருக்கு?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மோதிரம் கடல்ல போச்சுங்க. மூட்டைய எதுக்குக் கேக்கறீங்க?"

மூட்டை நாங்கள் நின்ற இடத்தில் இல்லை. தெற்கே எழுபது தப்படி தள்ளிக் கிடந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மாமியார், நாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் முறுக்கு தின்றுகொண்டிருந்தார். சித்தப்பா மூட்டைக்கு முதுகைக் காட்டி நின்று கடலைப் பார்த்தார். பிறகு வடக்கே பத்துப் பதினைந்து தப்படி நடந்து, "ஏல, இங்க வா" என்றார். முக்கால் மணி நேரத்தில் மோதிரம் என் விரலில் இடறியது.

2019இல் ப்ளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா இருந்த கோடையில்தான் நான் திருச்செந்தூர் கடற்கரையில் சித்தப்பாவோடு சேர்ந்தேன். சிப்பி அரிக்கிறவர் அவர். கோயிலுக்கு வருகிறவர்கள் கடலில் நகையைத் தவறவிட்டால் தேடித் தருவதும் அதோடு சேர்ந்த வேலை. கிடைத்தால் அவர்கள் மனசுபோலக் கொடுப்பார்கள். கிடைக்காவிட்டால் ஒன்றுமில்லை. கூலி பேசிக்கொண்டு தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது சித்தப்பாவின் பிடிவாதம். ஆள் யாரென்று தெரியாமல் கிடைக்கிற பொருள் கோயில் புறக்காவல் நிலையத்துக்குப் போய்விடும். ஆரம்பத்தில் இந்த இரண்டும் எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தன என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

மூட்டைக் கணக்கு என்னவென்றால், கடலில் நிற்கிற மனிதன் நின்ற இடத்திலேயே நிற்பதில்லை. ஒவ்வொரு அலைக்கும் அவன் ஒரு சாண் தூக்கி வைக்கப்படுகிறான். கரையோரமாக ஓடும் நீரோட்டம், நாங்கள் நீவாடு என்போம், தென்மேற்குப் பருவத்தில் பெரும்பாலும் வடக்கே இழுக்கும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. அரை மணி நேரம் குதித்துக் கும்மாளம் போட்டவன், இறங்கிய இடத்திலிருந்து எவ்வளவோ தூரம் தள்ளி வந்திருப்பான். அவனுக்கு அது தெரியாது. விரலைப் பார்த்தபோது எந்த இடத்தில் நின்றானோ, அங்கேதான் மோதிரம் விழுந்தது என்று சத்தியம் செய்வான். உண்மையில் மோதிரம் அரை மணி நேரத்துக்கு முன்பே, முதல் அலையிலேயே போயிருக்கும். மூட்டை மட்டும் இடம் மாறாமல் சாட்சி சொல்லும்.

இதே கணக்குதான் கரையில் நடக்கிற பாதிக் கூச்சலுக்கும் காரணம். "பையைக் காணோம், திருடிட்டாங்க" என்று அலறிக்கொண்டு ஓடி வருகிறவர்களில் பலருக்குப் பை திருடு போயிருக்காது. அவர்கள்தான் பையைவிட்டுத் தொலைந்திருப்பார்கள். இறங்குவதற்கு முன் திரும்பிப் பார்த்து, ஒரு விளக்குக் கம்பத்தையும் அதற்குப் பின்னால் ஒரு கட்டட முனையையும் ஒரே கோட்டில் வைத்துக்கொண்டால் போதும். கோடு விலகினால் நாம் விலகிவிட்டோம் என்று அர்த்தம். ராஜகோபுரம் கண்ணுக்குத் தெரிகிறதே என்று பலர் அதை மட்டும் அடையாளம் வைக்கிறார்கள். ஒன்பது நிலை, 137 அடி. அது கோயிலுக்கு மேற்கே இருக்கிறது. கரையில் எங்கே நின்று பார்த்தாலும் ஒரே மாதிரிதான் தெரியும். அவ்வளவு பெரிய அடையாளம் ஒரு பைக்கு உதவாது.

கைவேலையைச் சித்தப்பா எனக்குப் பித்தளை வாஷர் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஹார்டுவேர் கடையில் பத்து வாங்கி வந்தார். ஒவ்வொன்றாகத் தண்ணீரில் வீசி, "எடுத்துட்டு வா" என்பார். அலை அடிக்கிற இடத்தில் தண்ணீர் பால் கலந்த தேநீர் போலக் கலங்கியிருக்கும், கண்ணாடி போட்டு முங்கினாலும் ஒன்றும் தெரியாது. காலால்தான் தேட வேண்டும். குதிகாலை ஊன்றி, பெருவிரலால் மணலைக் கோலம் போடுவது போலக் கிளறிக்கொண்டே போக வேண்டும். சிப்பி ஓரம் கீறும், கல் உருளும், உலோகம் வழுக்கும். இந்த மூன்றுக்கும் வித்தியாசம் காலுக்குப் புரிய எனக்கு நாலு மாதம் ஆனது. தட்டுப்பட்டதும் அள்ளக் கூடாது. உள்ளங்கையால் விசிறி மேல்மணலைக் கலைக்க வேண்டும். அள்ளினால் மணலோடு பொருளும் நழுவிப் பழைய குழியைவிட ஆழமாகப் போய்விடும்.

தங்கம் ஆழமாகப் போவதில் மாயம் எதுவும் இல்லை. மணல் தண்ணீரைப் போல இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே கனம். சொக்கத் தங்கம் பத்தொன்பது மடங்கு. அலை மணலைக் கலக்கக் கலக்க, தங்கம் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும், சிப்பியோ கெட்டித் தரையோ தடுக்கிற வரை. அதனால் மோதிரம் தூரம் போகாது, ஆழம்தான் போகும். மெல்லிய சங்கிலி அப்படி இல்லை, அலையோடு கொஞ்ச தூரம் இழுபடும். அலை உடைகிற இடத்துக்கு நேர் கீழே ஒரு பள்ளம் விழுந்திருக்கும், திரும்பி இறங்கும் தண்ணீர் கொண்டுவருவதையெல்லாம் அங்கே போட்டுவிட்டுப் போகும். சங்கிலி என்றால் முதலில் அந்தப் பள்ளம்.

சின்னப் பையன்கள் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு திரிவார்கள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எஃகுக் காசுகள் அதில் ஒட்டும். தங்கமும் வெள்ளியும் ஒட்டாது. அதற்குக் கால்தான்.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் உள்வாங்கும். செய்திக்காரர்கள் அதை ஏதோ அதிசயம் போலப் படம் எடுத்துப் போடுவார்கள், எங்களுக்கு அது வேலை நாள். மற்ற நாளில் இடுப்பளவு தண்ணீர் இருக்கிற இடத்தில் அன்று முழங்காலளவு நிற்கும். ஆனால் பௌர்ணமி ராத்திரி கடற்கரையிலேயே தங்குகிற கூட்டம் பெருகிவிட்டதால், தேட வசதியான நாளும் தொலைக்கிற நாளும் ஒன்றாகிவிட்டன. 2025 தொடக்கத்தில் கடல் கரையை அரித்துப் படிக்கட்டு போல வெட்டியபோது நாங்கள் போட்டு வைத்திருந்த பள்ளக் கணக்கெல்லாம் பாழாகி, மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது.

இவ்வளவும் சித்தப்பாவின் பாடம். சித்தியின் பாடம் வேறு, அதுதான் கஷ்டமானது.

சித்தி கரையில் சங்கு, சோழி, பாசிமணி விற்கிறாள். பக்கத்தில் இடம் போடுகிறவர்கள், "அக்கா, இதைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று பையை விட்டுப் போவார்கள். கடல் மூர்க்கமாக இருக்கிற நாளில் தேட்டம் கிடையாது. அன்று என்னையும் சித்தி பக்கத்தில் உட்கார வைத்தார்கள். வெறும் காவல்தானே என்று நினைத்தேன். இரண்டாவது நாளே ஒரு பையை ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு குடும்பம். இரண்டு பேரிடமும் ஒரே ஜவுளிக்கடைக் கட்டைப்பை, ஒரே சிவப்பு. மதுரைக்காரர் பையை எடுத்துக்கொண்டு சாத்தூர்க்காரர்கள், கடலில் குளித்தவர்கள் அடுத்துக் குளிக்கப் போகும் நாழிக்கிணற்றுக்குப் போய்விட்டார்கள். உள்ளே செல்போன் மூன்று, கார்ச் சாவி, ஏழாயிரம் ரூபாய். கிணற்று வரிசையில் நின்றவர்களைச் சித்தி தேடிக் கண்டுபிடித்துக் கூட்டி வருவதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டியது. பை சேர்ந்துவிட்டது. ஆனால் மதுரைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை ஏழாயிரத்துக்கு மேல் மதிப்பேன்.

அன்றிலிருந்து சித்தி யாரிடம் பை வாங்கினாலும் கைப்பிடியில் ஒரு பாசியைக் கட்டி, அதே நிறப் பாசி ஒன்றைக் கொடுத்தவர் கையில் கட்டிவிடுகிறாள். குழந்தைகளுக்குக் குஷி. எனக்கு அவமானச் சின்னம்.

அவள் சொல்கிறவற்றில் பாதி திட்டுதான். செருப்புக்குள்ளே போனைத் திணித்துத் துண்டால் மூடுகிறவரைப் பார்த்தால், "களவாணி மொதல்ல செருப்பைத்தான் தூக்கிப் பாப்பான்" என்பாள். கார்ச் சாவியை டயர் மேல் வைப்பவர்களுக்கும் அதே மரியாதை. அந்த ஒளிவிடம் ஊருக்கெல்லாம் தெரியும். இப்போதைய சாவிக்குள் சிப் இருக்கிறது, உப்புத் தண்ணீர் பட்டால் போச்சு, இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கவும் முடியாது. குடும்பத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் கரையில் இருப்பதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே பூட்டு. அதற்கு ஆளில்லாதவர்கள் லாட்ஜ் அறையிலோ, ரசீது தருகிற பொருள் பாதுகாப்பு அறையிலோ வைத்துவிட்டு வரட்டும் என்பாள். கடலுக்கு வர ஒரு துண்டும் நூறு ரூபாயும் போதும். அந்த நூறை முந்தானையில் முடிந்துகொள்ளத் தெரியாத தலைமுறை நாங்கள் என்பது அவளுடைய நிரந்தரக் குறை.

போன் விஷயத்தில் மட்டும் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தண்ணீர் புகாத போன் என்று விற்கிறார்களே, அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது, கடல் உப்புக்கு அது பொறுப்பில்லை. கழுத்தில் மாட்டுகிற பிளாஸ்டிக் உறை வாங்குகிறவர்கள் முதலில் அதற்குள் ஒரு டிஷ்யூ தாளைப் போட்டு வாளியில் அரை மணி நேரம் அமுக்கிப் பார்க்க வேண்டும். தாள் நனைந்தால் போனும் நனையும். போனில் *#06# அடித்தால் வருகிற 15 இலக்க எண்ணை வீட்டில் எழுதி வைத்திருந்தால், தொலைந்தபின் போலீஸில் சொல்லவும் சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்கவும் உதவும். சித்தி தன் எண்ணைச் சோழி டப்பாவின் மூடியில் எழுதி வைத்திருக்கிறாள். டப்பாவையும் போனையும் ஒரே பையில் வைத்திருக்கிறாள். அதைப் பற்றி நான் பேசுவதில்லை.

நகை எப்படிப் போகிறது என்பதும் கரையில் உட்கார்ந்துதான் எனக்குத் தெரிந்தது. தண்ணீரில் ஊறினால் விரல் உப்பி மோதிரம் இறுகும் என்று எல்லாரும் நம்புகிறார்கள். உண்மையில் மோதிரம் தளரும். விரல் நுனி சுருங்குவதே உள்ளே ரத்தக் குழாய் இறுகிச் சதை வற்றுவதால்தான். அதோடு மொட்டை போட்ட தலைக்குச் சந்தனம், குழந்தை உடம்பில் எண்ணெய், எல்லாம் கையில் வழுக்கும். கம்மல் திருகாணி அலையில் கழலும். சங்கிலி அறுவது பெரும்பாலும் அலையால் அல்ல, பிள்ளையால். பெரிய அலை வந்தால் இடுப்பில் இருக்கிற குழந்தை எட்டிப் பிடிப்பது அம்மாவின் கழுத்தைத்தான். கொக்கி எவ்வளவு நேரம் தாங்கும்?

"கழற்றி வச்சிட்டுப் போ தாயி" என்று சித்தி சொன்னால், தாலியைக் கழற்றச் சொல்கிறாளே என்று சில பெண்கள் முகம் சுளிப்பார்கள். அவள் தன் கழுத்தைக் காட்டுவாள். மஞ்சள் கயிறு. பயணம் புறப்படும்போதே தங்கத்தை வீட்டில் வைத்துக் கயிறு மாற்றிக்கொண்டு வருகிற பாட்டிமார்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். மனசு வராதவர்களுக்கு ஊக்கு எடுத்துச் சங்கிலியை ரவிக்கையோடு சேர்த்துக் குத்திவிடுவாள். பவுன் எழுபதாயிரத்தைத் தாண்டிய 2025இல் அவள் ஊக்கு வாங்கிய செலவுக்குக் கணக்கே இல்லை.

நான் தனியாகத் தேடப் போன முதல் நாள் சித்தியின் பாடத்தை மறந்துவிட்டேன். ஒரு பெண் அழுகிறாள், மூன்று பவுன் சங்கிலி. மூட்டையைக் கேட்டேன், நீவாடு பார்த்தேன், பள்ளத்துக்குள் இறங்கினேன். ஒன்றேகால் மணி நேரம். கண் சிவந்து, உதடு உப்பு வெடித்து மேலே வந்தபோது, சித்தி அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். "உங்க கூட வந்த எல்லாரும் இங்கதான் இருக்காகளா?"

அம்மா மட்டும் இல்லை. நாழிக்கிணற்றுக்குப் போயிருந்தார். ஈரப் புடவையோடு திரும்பி வந்தவர் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து, முந்தானை முடிச்சை அவிழ்த்தார். "நீதானேடி தண்ணியில இறங்குறப்ப கழற்றி என் கையில குடுத்தே?"

அந்த அம்மா எனக்கு இரண்டு வாழைப்பழமும் ஐம்பது ரூபாயும் கொடுத்தார். சித்தப்பா அன்று முழுக்க என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார். இப்போது யார் கத்திக்கொண்டு வந்தாலும் சித்தியின் கேள்வியை முதலில் கேட்கிறேன், சித்தப்பாவின் கேள்வி அதற்கு அடுத்ததுதான்.

பத்து வாஷரில் ஒன்பதைத்தான் நான் திருப்பிக் கொடுத்திருந்தேன். பத்தாவது எங்கேயோ கிடக்கிறது. "அது கெடைக்கிற அன்னைக்கு நீ தொழில்காரன்" என்று சித்தப்பா சொல்லி வைத்துவிட்டார், விளையாட்டாகத்தான், ஆனால் கால் மறக்க மாட்டேன் என்கிறது. போன அமாவாசையன்று தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. பள்ளத்து ஓரத்தில் பெருவிரலுக்கு வட்டமாக, வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது. உட்கார்ந்து, மெதுவாக விசிறி, எடுத்துப் பார்த்தேன்.

ரெண்டு ரூபாய். காந்தம் வைத்திருந்த பையனைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டேன்.