எட்டுத் துண்டு இரும்பு

அன்று நான் அயுத்தயாவில் இருந்திருக்க வேண்டும். ஐப்பசி மாதம், சாவ் பிரயா ஆற்றில் வெள்ளம். இடிபாடுகளைக் காட்டக் கூட்டிப்போகும் வேன் வராது என்று பயண முகவர் காலையிலேயே போனில் சொல்லிவிட்டார். பாங்காக்கில் ஒரு பகல் முழுக்க மிச்சம். வாட் சகேத்தின் பொன்மலையில் ஏறி இறங்கி, பொரிபத் சாலையின் மரக்கதவுக் கடைகளை வேடிக்கை பார்த்தபடி நடந்தேன். ஒரு சந்துக்குள்ளிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது.

பான் பாத். பிக்குகளின் பிச்சைப் பாத்திரத்தைக் கையால் அடித்துச் செய்யும் குடும்பங்கள் வாழும் இடம். 1767இல் பர்மியப் படையிடம் பழைய தலைநகரான அயுத்தயா விழுந்தபோது அங்கிருந்து வந்தவர்களின் வம்சம் தாங்கள் என்கிறார்கள். 1782இல் முதலாம் ராமா பாங்காக்கைத் தலைநகராக்கினார். புதுத் தலைநகருக்குக் கோயில்கள் வேண்டும், கோயில்களுக்குப் பிக்குகள், பிக்குகளுக்குப் பாத்திரம். முன்பு இப்படி மூன்று குடியிருப்புகள் இருந்தனவாம். எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். அயுத்தயாவின் செங்கல்லைப் பார்க்க முடியாமல் போனவனுக்கு அதன் கொல்லர்களைப் பார்க்கக் கிடைத்தது.

மொத்தம் எட்டு இரும்புத் துண்டுகள். ஒன்றை வளைத்தால் வாய் வளையம். மூன்று பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து வளைத்தால் எலும்புக்கூடு. நடுவில் விழும் நான்கு இடைவெளிகளை இலை வடிவத் துண்டுகள் அடைக்கின்றன. ஓரங்களைப் பல் பல்லாக வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோத்துவிடுவதால் உலைக்குப் போகும் முன்பே உருவம் வந்துவிடுகிறது. பிறகு செம்புப் பொடியும் வெண்காரமும் பூசி நெருப்பில் வைக்கிறார்கள். நம்மூர் ஆசாரி பொடிவைத்து ஊதும் அதே வேலைதான். செம்பு உருகி இடுக்கெல்லாம் ஓடி அடைத்துக்கொள்கிறது. அதற்கப்புறம்தான் உடம்பு நோகும் வேலை. விதவிதமான வளைவுள்ள பட்டடைகளில் கவிழ்த்துத் தட்டித் தட்டி உருண்டையாக்க வேண்டும், அரம் போட வேண்டும். ஒருவரே எல்லாவற்றையும் செய்வதில்லை. வளையம் ஒரு வீட்டில், தட்டி முடிப்பது இன்னொரு வீட்டில்.

எட்டு என்பது புத்தரின் எண்வழி மார்க்கம் என்று விளக்கம் சொன்னார்கள். இருக்கட்டும். சிறு துண்டுகளைக் கொண்டு உருண்டை பண்ண வழி கண்ட கொல்லனின் புத்திதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

அரம் போட்டுக்கொண்டிருந்த மூதாட்டியிடம், பக்கத்திலிருந்த இளைஞனின் அரைகுறை ஆங்கிலத்தின் துணையோடு, "இதையெல்லாம் யாரம்மா வாங்குகிறார்கள்?" என்று கேட்டேன். அவர் அரத்தை நிறுத்தாமல் மோவாயால் என்னைக் காட்டினார். இளைஞன் சிரித்துவிட்டான்.

காரணம் தெரிய நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்து பம்ருங் முயாங் சாலையில், காவித் துணிகளுக்கும் புத்தர் சிலைகளுக்கும் நடுவே, இயந்திரத்தில் அழுத்தி எடுத்த எவர்சில்வர் பாத்திரங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. விலை குறைவு, துருவும் பிடிக்காது. பிக்குகளுக்கான விநய விதிகள் மண், இரும்பு என இரண்டு வகைப் பாத்திரங்களையே அனுமதிக்கின்றன. ஐந்து ஒட்டுப் போடும் அளவுக்குப் பழுதாகாத பாத்திரத்தை வைத்துக்கொண்டு புதிது கேட்டு வாங்குவது குற்றம். ஆயுள் முழுக்க உழைக்கும் பாத்திரத்துக்கென்றே எழுதிய விதி! ஆனால் தாய்லாந்தில் பல ஆண்கள் ஒரு மழைக்காலமோ சில வாரங்களோ மட்டும் துறவிருந்து வீடு திரும்புகிறார்கள். பாத்திரம் வாங்கித் தருவதும் பெரும்பாலும் வீட்டார்தான். சில வாரத் துறவுக்கு ஆயுள் பாத்திரம் எதற்கு என்று அவர்கள் கணக்குப் பார்ப்பதைத் தப்பென்று சொல்ல முடியாது. பாத்திரத்திலேயே உண்ணும் வனத் துறவிகள் சிலர் இன்னும் இங்கே தேடி வருகிறார்கள். மற்றபடி, பிச்சையெடுக்கப் போகாத நம்மைப் போன்ற பயணிகளின் பணத்தில்தான் உலை எரிகிறது. சங்கடமான உண்மைதான். ஆனாலும் உலை அணைவதைவிட இது மேல்.

பாங்காக் போகிறவர்கள் பொன்மலையிலிருந்து கொஞ்ச தூரம் தெற்கே நடந்து பாருங்கள். பாத்திரம் வாங்கினால் பேரம் மட்டும் வேண்டாம். அது பல வீடுகளுக்குப் பங்காகப் போகிற பணம்.