ஏலமலைக் காத்து... மினுமினுக்கும் ஆர்.எக்ஸ். டேங்க்!

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகும் சாலையில் இருக்கிறது சிலமலை. விடியற்காலையில் இந்த வழியில் நின்றால், ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு பறக்கும் ஜீப்புகளைப் பார்க்கலாம். முந்தல் தாண்டி, போடிமெட்டு மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் அந்தப் பக்கம் கேரளா. ஜீப்புகளுக்கு நடுவே சந்து கிடைத்த இடத்தில் எல்லாம் பைக்குகள் நுழைந்து போகும். அதில் ஒன்று என் மாமா மகனுடைய யமஹா ஆர்.எக்ஸ் 100. 1996-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி. ஆனாலும் நம்ம ஊரில் அதற்கு இருக்கும் மவுசே தனி!

மலைக்குத் தினமும் போய் வந்ததில் டேங்க் பெயின்ட் உரிந்து, துரு எட்டிப் பார்த்துவிட்டது. வீரபாண்டித் திருவிழாவுக்குள் ‘மெட்டல் ஃப்ளேக்’ அடித்துவிட வேண்டும் என்பது மாப்பிள்ளையின் ஆசை. ‘‘ஒரு டேங்க்குக்கு ரெண்டு வாரமாடா? வீட்டுக்கே ரெண்டு நாள்ல வெள்ளையடிச்சு முடிச்சுருவாய்ங்க’’ என்பது மாமாவின் கேள்வி. வேலைக்குப் போகும் வண்டி ரெண்டு வாரம் நின்றால் ஜீப்புக்குக் காசு கொடுத்துத்தானே போக வேண்டும்? நியாயமான கோபம்தான்.

ஆனால், அந்த ரெண்டு வாரத்தில்தான் விஷயமே இருக்கிறது.

ஷோரூம் வண்டிகளில் பார்க்கும் ‘மெட்டாலிக்’ பெயின்ட் வேறு, இது வேறு. அதில் இருப்பது கண்ணுக்குத் தனியாகத் தெரியாத அலுமினியத் துகள். மெட்டல் ஃப்ளேக் என்பது பெரும்பாலும் அலுமினியப் பூச்சுள்ள பாலியஸ்டர் படலத்தைச் சின்னச் சின்ன அறுகோணங்களாக நறுக்கிய சில்லு. பெயரில்தான் மெட்டல்! ஒவ்வொரு சில்லும் குட்டிக் கண்ணாடி மாதிரி வெயிலைத் திருப்பி அடிக்கும். 1960-களில் அமெரிக்காவில் கார், பைக், படகு, ஹெல்மெட் என்று பரவிய மோகம் இது. ஃபேன்ஸி ஸ்டோர் ஜிகினாவைக் கலந்து மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். தின்னர் பட்டால் பல ஜிகினாக்களின் சாயம் கரைந்துவிடும்.

முதலில் பெட்ரோலைக் காலி செய்து, டேங்க்கைத் தனியாகக் கழற்ற வேண்டும். துருவைச் சுரண்டி, பட்டி பார்த்து, ப்ரைமர் அடித்துத் தேய்ப்பதற்கே பாதி நாள்கள் ஓடிவிடும். பக்கவாட்டு மூடிகள் பிளாஸ்டிக் என்பதால், அவற்றுக்குத் தனி ப்ரைமர். இல்லையென்றால் தோல் மாதிரி உரிந்து வரும். ஃப்ளேக் என்ன நிறமோ, அடியில் அடிக்கும் பெயின்ட்டும் அதற்கு நெருங்கிய நிறமாக இருக்க வேண்டும். மயில் நீல ஃப்ளேக்குக்கு அடியிலும் நீலம். சில்லுகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

ஃப்ளேக்கை கிளியரில் கலந்து அடிக்கும்போது வழக்கமான 1.3, 1.4 மி.மீ. நாசில் அடைத்துக்கொள்ளும். 2 மி.மீ. அளவாவது வேண்டும். சில்லு அடியில் தங்கிவிடும் என்பதால், கன்னை அடிக்கடி குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே தடவையில் அப்பாமல், மெல்லிசாக ரெண்டு மூன்று கோட். நேராக டேங்க்கில் ஆரம்பிக்காமல், பழைய தகரம் ஒன்றில் அடித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

இதோடு முடிந்ததா என்றால், இல்லை. தடவிப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். அதன்மேல் கிளியரை மட்டும் பல கோட் அடித்து, நன்றாகக் காயவிட்டு, வாட்டர் பேப்பரால் சமமாக்கி, மறுபடி கிளியர், கடைசியாகப் பாலீஷ். அவசரப்பட்டு ஃப்ளேக்கையே தேய்த்துவிட்டால் சில்லின் தலை சீவப்பட்டு, நிறம் போய் வெள்ளி தெரியும். அப்புறம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

சிலமலையில் இன்னொரு சிக்கல், காற்று! தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளி வழியாக இறங்கிவிட்டால் தேனி மாவட்டமே புழுதி பறக்கும். ஈரமான கிளியரில் ஒரு தூசி உட்கார்ந்தால், அது உட்கார்ந்ததுதான். சாரல் நாளில் காற்றின் ஈரம் சேர்ந்து பளபளப்பு வெளுத்தும் போகலாம். ஆனி, ஆடியைவிட, காற்று எழும்புவதற்கு முந்தைய சித்திரைதான் இங்கே தோது. தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு, காலையிலேயே அடிப்பது நல்லது.

மாமாவுக்கு நான் சொன்னது இன்னொன்று. ஹார்ட்னர் கலக்கும் கிளியரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஆஸ்துமாவையே வரவழைக்கக் கூடியது. முகத்தில் துண்டு கட்டுவதோ துணி மாஸ்க்கோ அதைத் தடுக்காது. ரசாயன ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க்காவது வேண்டும். வெளியிலிருந்து சுத்தமான காற்று தரும் முகமூடி இன்னும் பாதுகாப்பானது. குழந்தைகள் படுக்கும் வீட்டுத் திண்ணையில் இந்த வேலை கூடவே கூடாது. எத்தனை பட்டறைகளில் வெறும் கைக்குட்டையோடு கன் பிடிக்கிறார்கள் என்று யோசித்தால், கண்ணைப் பறிக்கும் டேங்க்கைப் பார்க்கும்போதே மனசு உறுத்துகிறது. ‘‘அப்ப அந்தப் பெயின்டர் தம்பிக்கு மொதல்ல அதை வாங்கிக் குடுங்கடா’’ என்றார் மாமா. அதோடு ரெண்டு வாரக் கணக்கையும் விட்டுவிட்டார்.

மாப்பிள்ளைக்கு மிச்சமிருப்பது ஒரு வேலை. ஆர்.சி-யில் வண்டியின் நிறமும் பதிவாகியிருக்கும். கறுப்பு வண்டி மயில் நீலமாக மாறினால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லிப் பதிவையும் மாற்ற வேண்டும். டேங்க் காய்கிற நாள்களில் தேனிக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம் என்று சொல்லியிருக்கிறேன். பஸ்ஸில்தான்!