திருப்பதி மரப்பாச்சியும் யவனக் காவலரும்

சென்ற விடுமுறையில் தாயகம் சென்றிருந்தபோது சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பஸ்ஸில் புறப்பட்டோம். 1911-இல் உருவான சித்தூர் மாவட்டத்தினின்று திருப்பதி 2022-இல் தனி மாவட்டமாயிற்று. எனினும் வழியெங்கும் கடைத்தெருக்களில் தமிழ் ஒலிக்கக் கேட்டோம்.

பெருமாளைச் சேவித்தபின் நாம் தேடியது ஒரு மரப்பாச்சி ஜோடி. இத்தனை ஆண்டுகள் அயல்நாட்டில் கொலு வைக்காதிருந்த மகள், இவ்வாண்டு தொடங்குவதாக எழுதியிருந்தாள். தாய் வீட்டுச் சீராக மரப்பாச்சி தருவது நம் வழக்கம் அன்றோ?

அங்கேதான் சங்கடம். சேஷாசலக் காடுகளில் வளரும் செம்மரம் 1995 முதல் அனைத்துலக வாணிபக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. "வேறு மரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா" என்றார் கடைக்காரர். மனம் ஒப்பவில்லை, ஆயினும் சுங்கத்தில் தலைகுனிய விருப்பமில்லாமல் அதையே வாங்கினோம்.

மகள் இல்லத்திலோ பேரன் ஒரு சேனையே சேர்த்து வைத்திருந்தான். உலோகத்தில் வார்த்து, தானே வர்ணம் தீட்டிய 28 மில்லிமீட்டர் ரோமானியரும் கிரேக்க ஈட்டிக்காரரும்! மேஜைமேல் பகடை உருட்டிப் போர் நடத்துவானாம்.

"இவர்களையும் கொலுவில் வைக்கலாமா, பாட்டி?"

மகள் முகம் சுளித்தாள். மதுரைக் கோட்டை வாயிலை யவனர் வாளேந்திக் காத்ததாகச் சிலப்பதிகாரம் கூறுவதை நாம் நினைவூட்டினோம். மேற்படியில் மரப்பாச்சி அமர்ந்தது. இருபுறமும் கேடயத்துடன் ரோமானியர் நால்வர் நின்றனர். அவர்களுக்கும் சுண்டல் உண்டா என்று கேட்டான் பேரன்.