தேரும் முட்டுக்கட்டையும், முன்னூறு டாலர் எல்எஸ்டியும்

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. இன்னிக்கு ஒரு சொந்தக் கதை, சோகக் கதை. கார் பத்தினதுதான். பிடிக்காதவங்க ஓடிடலாம். ஆனா நடுவுல எங்க ஊர்த் தேர் வருது, அப்புறம் சொல்லலைன்னு சொல்லக்கூடாது.

என்கிட்ட இருக்கிறது 1998 மாடல் ஹோண்டா சிவிக் ஈஎக்ஸ் கூப்பே. 127 குதிரை, அஞ்சு கியர், கையால போடறது. நான் குப்பை கொட்டுற ஒஹையோ மாநிலத்துலயே செஞ்ச வண்டி. இங்க ஞாயித்துக்கிழமைகள்ல பெரிய பார்க்கிங் லாட்ல ஆரஞ்சு கோன் அடுக்கி ஆட்டோகிராஸ் நடத்துவாங்க. ஒவ்வொரு வண்டியா தனித்தனியா ஓட்டணும், ஒரு கோனைத் தட்டினா ரெண்டு செகண்ட் அபராதம். அதுல எனக்கு ஒரே பிரச்சனைதான். வளைவு முடியுற இடத்துல ஆக்சிலரேட்டரை மிதிச்சா உள்பக்க முன்சக்கரம் 'கிரீச்'னு சும்மா சுத்தும். வண்டி அங்கேயே யோசிச்சுட்டு நிக்கும்.

மெக்கானிக்கல் படிச்சப்ப டிஃபரன்ஷியல் படம் போட்டு 16 மார்க் வாங்கினவன் நான். ஒரு மண்ணும் புரியாமத்தான். இப்பத்தான் உறைக்குது. வளைவுல வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடணும், உள்சக்கரம் கொஞ்சம் ஓடினா போதும். அதுக்கு வழி விடறதுதான் டிஃபரன்ஷியல். ஆனா அது ரொம்ப நியாயஸ்தன். ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசைதான் கொடுக்கும். வளைவுல எடை வெளிப்பக்கம் சாயுது, உள்சக்கரம் லேசாகி வழுக்குது. வழுக்குற சக்கரம் எவ்வளவு தாங்குதோ அவ்வளவுதான் மத்ததுக்கும். அதனால 127 குதிரைக்கே எல்எஸ்டி, அதாவது வழுக்கலைக் கட்டுப்படுத்துற டிஃபரன்ஷியல், தேவைப்படுது.

ஒழுங்கான எல்எஸ்டின்னா முன்சக்கர வண்டிக்கு ஹெலிக்கல் வகைதான். சாய்வா வெட்டின பற்சக்கரங்கள் விசை வந்ததும் கூட்டை அழுத்தி உராயும், பிடி இருக்கிற சக்கரத்துக்கு அதிகம் போகும். தேயற பிளேட்டு கிடையாது. கியர்பாக்ஸ் இருக்கிற வரை இருக்கும். என் வண்டிக்கு விசாரிச்சா ஆயிரம் டாலர் பக்கம், பிரிச்சு மாட்டுற கூலி தனி.

ஏழைக்கேத்த எள்ளுருண்டையா இன்னொண்ணு கிடைச்சுது. ரெண்டு இரும்புத் தகடு, நடுவுல நாலு ஸ்பிரிங். பழைய டிஃபரன்ஷியலுக்குள்ளயே செருகிட்டா, ஸ்பிரிங் தகடுகளை பக்கவாட்டுப் பற்சக்கரங்கள் மேல எப்பவும் அழுத்திட்டே இருக்கும். முன்னூறு டாலருக்குள்ள. அந்த முன்னூறு, பனிக்கால டயருக்குன்னு எடுத்து வெச்சது. தங்கமணி கிட்ட 'டயர் சொல்லியாச்சு'ன்னு சொன்னேன். சொல்லலை.

செப்டம்பர்ல மாட்டினோம். நிஜமாவே வித்தியாசம் தெரிஞ்சுது, மறைக்க மாட்டேன். கூடவே வண்டி மேல் கிளாஸுக்குப் போயிடுச்சு, ஏன்னா வாங்கினபடி ஓட்டுற கிளாஸ்ல எல்எஸ்டி சேர்க்கக்கூடாது. அங்க என்னைவிட ரெண்டு மடங்கு செலவழிச்சவங்க நடுவுல கடைசி இடம். அவ்வ்வ்.

ஜனவரியில ஒரு சாயங்காலம். தங்கமணி அப்ப அஞ்சு மாசம். டாக்டரைப் பார்த்துட்டு வர்றோம், ரோட்டுல புதுசா பனி. ஹைவேயில ஏற வளைஞ்சு போற ரேம்ப். லேசாத்தான் மிதிச்சேன். பழைய டிஃபரன்ஷியலா இருந்தா உள்சக்கரம் மட்டும் சுத்தும், வெளிச்சக்கரம் திசையைப் பிடிச்சுக்கும். இப்ப ரெண்டும் ஒண்ணா சுத்துச்சு. ஸ்டியரிங் வளைஞ்சிருக்கு, வண்டி நேரா போகுது. ஓரத்துல குவிச்சிருந்த பனிமேட்டுல போய் 'பொத்'துன்னு நின்னுச்சு. பம்பர் மட்டும் கீறல். அவ வயித்துல கையை வெச்சுட்டு ஒரு நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம் கேட்டா:

"ஏங்க, டயர் மாத்திட்டேன்னு சொன்னீங்களே?"

உண்மையைச் சொன்னேன். வீடு வர்ற வரைக்கும் அவ ஒண்ணும் திட்டலை. திட்டியிருக்கலாம். மறுநாள் கிரெடிட் கார்டுல நாலு பனிக்கால டயர் வந்துது.

ஏப்ரல்ல கியர்பாக்ஸ் ஆயிலை இறக்கினா, காந்த பிளக்குல வெள்ளிச் சாந்து மாதிரி இரும்புத்தூள். எப்பவும் உரசிட்டே இருந்தா வேற என்ன ஆகும்? பற்சக்கரத்தோட முகம் தேஞ்சு போச்சு. உடைச்சல் கடையில ஒரு பழைய டிஃபரன்ஷியல் வாங்கி, என்னோட கிரவுன் கியரைக் கழட்டி அதுல மாட்டணும். அந்த போல்ட்டெல்லாம் இடமுறுக்கு! தெரியாம அரைமணி நேரம் நானும் நண்பரும் 'கழட்டிட்டு' இருந்தோம், அதாவது இறுக்கிட்டு இருந்தோம். ஹோண்டா ஓனர்ஸ், குறிச்சு வெச்சுக்கோங்க.

இப்ப தேர். திருவாரூர்ல வீதி முனையில தேரைத் திருப்புறப்ப பார்த்திருக்கீங்களா? வடம் இழுக்கிறவங்க இழுத்துட்டே இருப்பாங்க. முட்டுக்கட்டைக்காரர் ஒருபக்கச் சக்கரத்துக்கு அடியில கட்டையைச் சொருகுவார். அந்தப் பக்கம் தயங்கும், மறுபக்கம் சுத்தி வரும். ஹைட்ராலிக் பிரேக் வந்த பிறகும் கட்டை போடறவருக்கு வேலை இருக்கு. 2009-ல வந்த ஆறாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐயில எக்ஸ்டிஎஸ்னு ஒண்ணு கொடுத்தாங்க. லேசான உள்சக்கரத்தை பிரேக் தானே பிடிக்கும், விசை வெளிப்பக்கம் போகும். முட்டுக்கட்டை, கம்ப்யூட்டர் போடுது. அவ்வளவுதான்.

என் வண்டியில அது இல்லை. அதனால இடது காலால பிரேக்கை லேசா தொட்டுக்கிட்டே வலது காலால ஆக்சிலரேட்டர் மிதிக்கப் பழகறேன். பிரேக் ரெண்டு சக்கரத்தையும் பிடிக்கும்தான். ஆனா உள்சக்கரம் வெட்டியா சுத்தாது. முதல் நாள் பழக்கதோஷத்துல கிளட்ச் மாதிரி மிதிச்சுட்டேன், நெத்தி ஸ்டியரிங்ல இடிச்சுது. பின்னாடி ஒரு தடிமனான ஸ்வே பாரும் போட்டாச்சு. சாய்வை பின்பக்கம் வாங்கிக்குது, முன்பக்க உள்சக்கரம் முன்ன மாதிரி லேசாகறதில்லை. இதை கார் அடியில படுத்துக்கிட்டு ஒரே மத்தியானத்துல மாட்டிடலாம், கியர்பாக்ஸைத் தொடவே வேண்டாம். முதல்லயே செஞ்சிருக்கணும்.

ஹெலிக்கல் ஆசை இன்னும் போகலை. அதுக்குன்னு ஒரு உண்டியல் வெச்சிருக்கேன், சாவி தங்கமணி கிட்ட. போன வாரம் அதுலேர்ந்து நாப்பது டாலர் டயப்பருக்குப் போச்சு.