உபுண்டுவை அழித்த கதை

சி டிரைவ் சிவப்பாகி ஆறு மாதம். கெம்பஸ் அசைன்மென்ட் ஒன்றை சேவ் பண்ணப் போனாலும் இடமில்லை என்கிறது. தம்பியின் ஏ.எல். வீடியோ பாடங்களும் அதே லெப்டொப்பில்தான். எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான், பெரியம்மா மகன் அண்ணன் கட்டாருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. 320 ஜிபி ஹாட் டிஸ்க்கில் ஏறக்குறையப் பாதியை உபுண்டு பிடித்து வைத்திருந்தது. ஒன் பண்ணினால் ஊதாக் கலரில் ஒரு லிஸ்ட் வரும். பத்து செக்கனுக்குள் கீழே இறங்கி விண்டோஸைத் தட்டணும். தேத்தண்ணி எடுக்கப் போய் வந்தால் உபுண்டுக்குள் நிற்போம்.

அதைத் தூக்கிவிடுவது என்று அக்காவும் தம்பியும் சேர்ந்து முடிவெடுத்தோம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. விண்டோஸுக்குள் இருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. உபுண்டு பயன்படுத்தும் ஈஎக்ஸ்டி4 அமைப்பை விண்டோஸ் தானாக வாசிக்காது. டிஸ்க் மெனேஜ்மென்டில் எழுத்துப் பெயர் இல்லாத வெறும் பெட்டியாகத்தான் காட்டும். வெறும் பெட்டி என்றால் காலி என்று நினைத்தோம், அதுதான் நாங்கள் விட்ட பிழை.

டிலீட் வொலியூம் கொடுத்தோம். பெட்டி பச்சையானது. வெளியே சுற்றியிருந்த எக்ஸ்டென்டட் பார்ட்டிஷனையும் அழித்தோம், கறுப்பானது. இனி எக்ஸ்டென்ட் வொலியூம் கொடுத்து அந்த இடத்தை சி டிரைவோடு சேர்ப்பதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. ஹல்துமுல்லையில் பின்னேர மழைக்கு இது புதுசா என்ன. பெட்டரி செத்து வருஷக்கணக்காகிறது, லெப்டொப்பும் அணைந்தது.

ஏழு மணிக்குக் கரண்ட் வந்து ஒன் பண்ணினால் கறுப்புத் திரையில் இரண்டே வரி. அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை என்று ஒன்று. அடுத்தது ‘க்ரப் ரெஸ்கியூ’. விண்டோஸும் இல்லை.

காரணம் பிறகுதான் விளங்கியது. பழைய மெஷினில் ஹாட் டிஸ்க்கின் முதல் 512 பைட்டில்தான் எல்லாம் தொடங்குகிறது. அதில் உபுண்டு தன் க்ரப்பை வைத்திருந்தது. க்ரப்பின் மீதிப் பகுதி உபுண்டு பார்ட்டிஷனுக்குள். நாங்கள் வீட்டை இடித்துவிட்டோம், வாசலில் நிற்கிற காவல்காரன் இன்னும் அந்த வீட்டைத் தேடுகிறான். (புதிய யூஈஎஃப்ஐ மெஷின்களில் கதை வேறு. அதில் ஈஎஃப்ஐ என்ற சின்ன பார்ட்டிஷன் இருக்கும். அதற்குள் உபுண்டு ஃபோல்டர் இருக்கிறதே என்று முழுப் பார்ட்டிஷனையும் அழித்துவிடாதீர்கள். விண்டோஸ் தொடங்குவதும் அங்கிருந்துதான்.)

வட்ஸ்அப்பில் அண்ணனைப் பிடித்தோம். அவர் திட்டவில்லை. “என் படமெல்லாம் எடுத்து வச்சிட்டீங்கதானே?” என்று மட்டும் கேட்டார்.

“என்ன படம்ணே?”

“மீரியபெத்த படம்.”

2014 தீபாவளிக்கு, ஒக்டோபர் 22, அண்ணன் கடன் வாங்கிய கெமராவோடு லயத்துக்கு வந்திருந்தார். ஒரு வாரம் கழித்து, 29ஆம் திகதி காலையில் மலை இறங்கியது. பெரியம்மா கொழுந்து மலைக்குப் போயிருந்ததால் தப்பினார். கட்டியிருந்த சேலையைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை, ஒரு படம்கூட. அண்ணன் எடுத்தவை லெப்டொப்பில் இருந்தன. அவற்றைத் திறந்து பார்க்க அவருக்கே மனசு வரவில்லையாம், வேறிடத்தில் கொப்பி பண்ணவும் இல்லை.

“கரண்ட் போனதுக்கப்புறம் ஏதாச்சும் செஞ்சீங்களா?”

“இல்லண்ணே.”

“அப்ப தொடாதீங்க. ஒண்ணும் எழுத விடாதீங்க.”

பார்ட்டிஷனை அழித்தால் அழிவது அட்டவணையில் உள்ள பதிவுதான். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்கிற குறிப்பு. உள்ளே இருந்தவை, மேலே வேறு ஏதாவது எழுதப்படும்வரை, அப்படியே கிடக்கும். சி டிரைவோடு சேர்த்து நாலு வீடியோ இறக்கியிருந்தால் முடிந்தது கதை. கரண்ட்காரரை அன்றைக்கு நாங்கள் ஏசியது கொஞ்சமல்ல.

மறுநாள் கூட்டாளி ஒருவனின் கொம்பியூட்டரில் உபுண்டுவை ஒரு பென் டிரைவில் ஏற்றினோம். ஹாட் டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே லெப்டொப்பை ஓட்டலாம். உபுண்டுவை அழித்துவிட்டு உபுண்டுவிடமே போய் நின்றோம். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அனலைஸ், பிறகு குவிக் சேர்ச். பழைய பார்ட்டிஷன் ஒரு வரியாக வந்தது. ‘பி’ எழுத்தைத் தட்டினால் ஃபைல் லிஸ்ட். தம்பி மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். ‘தீபாவளி’ என்று ஒரு ஃபோல்டர், 43 படம். அதை வேறொரு பென் டிரைவுக்கு கொப்பி பண்ணி, திறந்து பார்த்த பிறகுதான் மற்ற வேலை. விண்டோஸ் இன்ஸ்டோல் பண்ணும் யூஎஸ்பியில் ரிப்பேருக்குள் போய் ‘பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்’ அடித்தோம், விண்டோஸ் எழும்பியது. சி டிரைவும் இப்போது நீலம்.

ஞாயிற்றுக்கிழமை பெரகலையில் பஸ் மாறி, பூனாகலைப் பக்கம் பெரியம்மாவுக்குக் கொடுத்த புது வீட்டுக்கு லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு போனோம். எல்லாரும் புதுத்துணியோடு நிற்கிற படத்தை முதலில் காட்டினோம். பெரியம்மா ஆட்களைப் பார்க்கவில்லை. பின்னால் தெரிந்த பைப்படியைத் தொட்டார்.

“இந்தப் பக்கம் கொய்யா மரம் நிக்கணுமே, அடுத்ததத் தள்ளு.”

தள்ளினோம். பதினேழாவது படத்தில் இருந்தது.